போர்ட் பிளேர் பார்ட்டிக்கு ஒரு ரம்பம்

சிவஞானம் அண்டு சன்ஸ்
இரும்பு, தச்சு ஆயுத வியாபாரம்
மேற்கு ரத வீதி, திண்டுக்கல்
19-6-1967

போர்ட் பிளேர், ஃபீனிக்ஸ் பே, ஹார்பர் ஸ்டோர் ஆபீஸ், திரு. குழந்தைவேலு அவர்களுக்கு,

வணக்கம். இங்கே யாவரும் நலம். அங்கே தங்கள் நலம் அறிய ஆவல்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து கடைக் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன், நான்தான் எழுதுகிறேன். ஆகவே இதில் அவர் சொன்னதும் நான் சேர்த்ததும் கலந்து இருக்கும். பிரித்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

நிச்சயதார்த்தத்தன்று, கைக்கடிகாரமா சைக்கிளா என்று அப்பா கேட்டதற்கு, ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினீர்கள். எழுதியது வந்தது. கடிகாரமும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். வீட்டுத் தரைக்குப் பலகை பதிக்க வேண்டும், கோணம் பிசகாமல் வெட்டுகிற ரம்பம் ஒன்று போதும், தை மாதக் கல்யாணத்துக்குள் முடித்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அப்பா இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "நாப்பது வருசமா ரம்பம் விக்கிறேன், சீரா ஒருத்தனும் கேட்டதில்லையே" என்றார். கோபமா சந்தோஷமா என்று முகத்தில் தெரியவில்லை. மத்தியானம் ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சந்தோஷம்தான் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ரம்பங்கள் இருக்கின்றன. ஒன்று கடையிலேயே இருக்கிறது. கை ரம்பம். இரும்புக் கட்டையின் மேல் நிற்கும். அடியிலிருக்கும் தட்டு இடமும் வலமும் திரும்பும். நாற்பத்தைந்து, முப்பது என்று குறி வந்தால் கொக்கி தானாக விழுந்து பிடித்துக்கொள்ளும். இன்னொன்று கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடக்கிறது. அங்கிருந்த துரை சீமைக்குப் போகும்போது விற்கச் சொல்லிவிட்டுப் போன மோட்டார் ரம்பம். அது திரும்பவும் செய்யும், பக்கவாட்டில் சாயவும் செய்யும். அப்பாவுக்கு அதன் மேல்தான் கண்.

"லைட்டு, ஃபேனு, குழாய்த் தண்ணி, எல்லாம் பையன் வீட்ல இருக்கு. மெட்ராசே தோத்துப்போகும்" என்று உங்கள் சண்முகம் மாமா பெண் பார்க்க வந்த அன்று சொன்னது அப்பாவுக்கு அப்படியே மனப்பாடம். ஆகையால் மோட்டார் ஓடும் என்கிறார். அங்கே கரண்டு ஏசியா, டிசியா? எத்தனை வோல்ட்? பலகை எத்தனை இஞ்ச் அகலம்? இவற்றை உடனே எழுதவும்.

நானாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதங்களைக் கடையில் வைத்துச் சத்தமாகத்தான் வாசிக்கிறேன். பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
சி. மங்கையர்க்கரசி
(சன்ஸ் என்று பலகையில் போட்டிருக்கிறதே தவிர, நானும் நீலாவதி அக்காவும்தான்.)


ஃபீனிக்ஸ் பே, போர்ட் பிளேர்
8-7-1967

மதிப்பிற்குரிய மங்கையர்க்கரசி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. கப்பல் இரண்டு நாள் தாமதம். இந்த மழையில் அது வந்ததே பெரிது. தபால் மூட்டையை இறக்கும்போதே போய் நின்றுவிட்டேன். ஸ்டோர் கிளார்க்குக்குக் கப்பல் அணையும் ஜெட்டியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கயிறு, ஆணி, பெயிண்ட் எல்லாம் கப்பலில்தான் வருகிறது.

ரம்பம் கேட்டது உங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருக்கும். டெய்ரி ஃபார்மில் நான் வாங்கிய இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டேன். இங்கே மர வீடுதான். சுவரும் மரம், தரையும் மரம், கீழே தூண் கொடுத்து நிற்கிறது. கூடத்துக்கு மட்டும் இன்னும் தரை போடவில்லை. படாக் என்று ஒரு மரம், ரத்தச் சிவப்பு. சுக்லாம் என்று இன்னொன்று, வெளுப்பு. இரண்டையும் ஒரு வருடமாகக் கொட்டகையில் அடுக்கி உலர்த்திவைத்திருக்கிறேன். நாலு இஞ்ச் அகலம், ஒன்றரை அடி நீளம் என்று அறுத்து, சிவப்பும் வெளுப்புமாக மாற்றி மாற்றிச் சடைப் பின்னல் போலப் பதிக்க வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு துண்டின் முனையும் நாற்பத்தைந்தில் வெட்டுப்பட வேண்டும். கூடத்துக்கு முந்நூற்று முப்பத்தாறு துண்டு, இரண்டு முனை, அறுநூற்று எழுபத்திரண்டு வெட்டு. அதனால்தான் மோட்டார் என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

இந்தப் பின்னல் யோசனை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் தட்டை வைத்துவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போய்விட்டீர்கள். நான் முழுசாகப் பார்த்தது உங்கள் சடையை மட்டும்தான்.

பக்கத்து வீட்டு கஸ்பார் அண்ணன் உதவிக்கு இருக்கிறார். தூத்துக்குடிக்காரர், மரைன் பட்டறையில் படகு மேஸ்திரி. தமிழும் இந்தியும் கலந்துதான் பேசுவார். "மக்கா, தும் சிந்தா மத் கரோ, கவலைப்படாத, பலகைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருக்கிறார்.

கரண்டு விஷயம் விசாரித்து எழுதுகிறேன்.

மாமாவுக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, என் நமஸ்காரம்.

தங்கள்,
குழந்தைவேலு


திண்டுக்கல்
27-7-1967

அன்புள்ள திரு. குழந்தைவேலு அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பார்த்து எழுதவும் என்று எழுதியிருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. கடையில் அப்போது கீல் வாங்க வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "முழுசாகப் பார்த்தது உங்கள் சடையை மட்டும்தான்" என்ற இடத்தைச் சத்தமாக வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே உறைத்தது. ஒருத்தர் கீலை மறந்துவிட்டுப் போய்விட்டார். நீலாவதி அக்கா மூன்று வருடத்துக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. "போர்ட் பிளேர் பார்ட்டி கணக்கு தப்பாச் சொல்லுது" என்றார். அவர் சொல்வது சரி. ஒரே பலகையில் வரிசையாகக் கோணம் வெட்டிக்கொண்டு போனால் ஒரு வெட்டில் இரண்டு முனை கிடைக்கும். இந்தத் துண்டுக்கு வால், அடுத்த துண்டுக்குத் தலை. பின்னலின் மறுபாதிக்குத் துண்டைக் குப்புறத் திருப்பினால் போதும். ஆகவே முந்நூற்று முப்பத்தாறுதான், கூடக்குறைய. ஸ்டோரிலும் இப்படித்தான் இரட்டிப்பாக எண்ணுகிறீர்களா?

நாலு இஞ்ச் பலகையை மூலைவாட்டில் வெட்டினால் வெட்டின் நீளம் ஐந்தே முக்கால் இஞ்சை நெருங்கிவிடும். ரம்பம் வாங்குகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுவார்கள். நேர் வெட்டுக்கு அளந்து வாங்கிப்போய், கோணத்துக்கு எட்டவில்லை என்று திருப்பிக்கொண்டு வருவார்கள். நம்முடைய இரண்டு ரம்பத்துக்கும் ஆறு இஞ்ச் வரை எட்டும், கவலை வேண்டாம். இன்னொன்று: தரைக்கு ரம்பம் திரும்பினால் போதும், சாய வேண்டியதில்லை. சாய்வு வெட்டு பெட்டி செய்கிறவர்களுக்கும், கூரை விளிம்பு கட்டுகிறவர்களுக்கும்தான்.

ஆனாலும் அப்பா தோட்டத்துக்கு ஆள் அனுப்பி மோட்டார் ரம்பத்தையே பேசி முடித்துவிட்டார். அதற்கு முன்னால் ஒரு வாரம் அவருக்குத் தூக்கமில்லை. இரும்பைக் கையில் கொடுத்து வாங்கினால் உறவு அறுந்துபோகும் என்பார்களே, அப்படியிருக்க பல் வைத்த இரும்பைச் சீராகக் கொடுக்கலாமா என்று. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். "நம்ம கையில இருந்து லாரிக்கு, லாரியில இருந்து கப்பலுக்கு. கப்பல் கீழ எறக்கி வைக்கும். அவன் குனிஞ்சு எடுத்துக்கட்டும். கை மாறவே இல்லையே" என்றார். இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

உங்களை ஏன் இன்னும் 'பார்ட்டி' என்கிறார் என்று நீங்கள் வருத்தப்படக் கூடாது. அக்கா கல்யாணத்தில், பேச்சு முடிந்த அன்றே மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று வாய் ஓயாமல் கூப்பிட்டார். மில்லில் போர்மேன் என்றார்கள், சொந்த வீடு என்றார்கள். போய்ப் பார்த்தால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று வருடமாகிறது. அந்த வார்த்தையை ஒரு தடவை அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டேன் என்று அப்பா சொல்வார். உங்கள் பேச்சை அவர் ஒப்புக்கொண்டதே, உங்கள் மாமா எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார் என்பதால்தான். இன்னொரு தடவை ஏமாந்தால் அவர் தாங்கமாட்டார். கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ரம்பம் வந்ததும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டை நாற்பத்தைந்தில் வெட்டி, ஒன்றைத் திருப்பிப் போட்டு முனையோடு முனை சேர்த்து, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தெரியும். பிசகு இருந்தால் சேர்க்கும்போது இரட்டிப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

வோல்ட் எத்தனை என்று இன்னும் எழுதவில்லை.

அன்புடன்,
மங்கையர்க்கரசி


ஃபீனிக்ஸ் பே, போர்ட் பிளேர்
18-8-1967

அன்புள்ள மங்கையர்க்கரசி அவர்களுக்கு,

நலம். சடை விஷயத்துக்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தில் சடை வராது.

நீங்கள் சொன்ன சோதனையை கஸ்பார் அண்ணனின் பழைய ரம்பத்தில் செய்து பார்த்தோம். சேர்த்த இடத்தில் ஒரு பத்துப் பைசா நிற்கிற அளவுக்குச் சந்து. "முப்பது வருசம் படகு கட்டுனேனே, தண்ணி உள்ள வராம எப்பிடி இருந்துச்சு" என்று அவருக்கே ஆச்சரியம். தார் அடைத்தால் படகுக்குச் சரியாகிவிடுமாம். கூடத்துக்குத் தார் அடைக்க முடியாது.

மோட்டார் ரம்பம் பற்றி யோசித்துப் பார்த்தேன். கை ரம்பமே நல்லது என்று தோன்றுகிறது. முதலாவது, மோட்டார் சத்தம் போடும். பக்கத்தில் வாத்து வளர்க்கிறார்கள், முட்டை வைக்காமல் போய்விடும். இரண்டாவது, இங்கே உப்புக்காற்று, மோட்டார் துருப்பிடிக்கும். மூன்றாவது, நீங்களே எழுதியபடி தரைக்குச் சாய்வு வெட்டு தேவையில்லை. நான்காவது, ஆபீசில் உட்கார்ந்தே இருக்கிறேன், உடம்புக்கும் ஒரு வேலை வேண்டும். முந்நூற்று முப்பத்தாறு வெட்டு ஒன்றும் பெரிதில்லை.

மாமா பேசி முடித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டு எழுதவும். அனுப்பிவிட வேண்டாம்.

வோல்ட் இருநூற்று இருபதாக இருக்கலாம்.

நீலாவதி அக்காவைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை வாசித்தேன். சத்தமாக அல்ல.

தங்கள்,
குழந்தைவேலு


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
9-9-1967

அன்புள்ள மங்கையர்க்கரசி அவர்களுக்கு,

எப்போதும் ஆபீசிலிருந்து எழுதுவேன். இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. நாளை மறுநாள் கப்பல் புறப்படுகிறது, அதில் இது வர வேண்டும்.

எங்கள் வீட்டில் கரண்டு இல்லை.

ரோட்டிலிருந்து கம்பம் நட்டுக்கொண்டே வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் நின்றுவிட்டது. மனு கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. வரும் என்கிறார்கள், எப்போது என்று சொல்வதில்லை. ஃபேன் இல்லை. குழாய் இல்லை, கிணறுதான்; தண்ணீர் நன்றாக இருக்கும். இரவுக்கு அரிக்கேன் விளக்கு.

சண்முகம் மாமா மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தமான் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று, ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. அவர் லைட்டு, ஃபேனு என்று அடுக்கிக்கொண்டு போனபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை மாமா, இன்னும் வரவில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. பெண் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். உங்கள் சடை உள்ளே போய்விட்டது, திரும்பி வராதோ என்று பயம்.

பிறகு நீங்கள் வோல்ட் கேட்டு எழுதினீர்கள். விசாரித்து எழுதுகிறேன் என்றேன். வாத்து முட்டை என்றேன். வாத்துகள் இருப்பது மட்டும் நிஜம். இன்று காலையில் கஸ்பார் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பிஜ்லி இல்லாத வீட்டுக்கு மோட்டாரா? சரி மக்கா, நீ சக்கரத்தைச் சுத்து, நான் பலகையத் தள்ளுதேன்" என்று முதலில் சிரித்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இன்னைக்கே எழுது" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். முழு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இனி நிச்சயம் இல்லாததை எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வேலை நிஜம். வீடு நிஜம். பலகை நிஜம்.

இதை உங்கள் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கடையில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. பேச்சை முறித்துக்கொள்வதென்றால் அது உங்கள் நியாயம். எனக்கு வலிக்கும், ரொம்பவே வலிக்கும். ஆனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

குழந்தைவேலு


திண்டுக்கல்
11-9-1967

அன்புள்ள திரு. குழந்தைவேலு அவர்களுக்கு,

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது. உங்கள் 18-8 கடிதத்தை அவருக்கு வாசிக்கவும் இல்லை. இந்தக் கடையில் நான் வாசிக்காமல் மறைத்த முதல் கடிதம் அது. எனக்கு இது பழக்கமில்லை, பிடிக்கவும் இல்லை.

ஜூலையில் மோட்டார் என்றதும் ஆசை வந்துவிட்டது என்று எழுதினீர்கள். ஆகஸ்டில் வாத்து, துரு, உடம்புக்கு வேலை. கடையில் பதினான்கு வயதிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் ஒரு பொருள் வேண்டாம் என்பதற்கு நாலு காரணம் சொன்னால், ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஏசியா டிசியா என்று கேட்டேன். எத்தனை வோல்ட் என்று கேட்டேன். இன்று நேராகக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் கரண்டு இருக்கிறதா, இல்லையா?

இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நான் பத்தாவது வரை அரிக்கேன் விளக்கில் படித்தவள்தான். சிம்னி துடைக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இருட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை. இல்லாத வீட்டை இருக்கும் வீடாகச் சொல்லிக் கூட்டிப்போகிறவர்களைப் பற்றித்தான் பயம். அக்கா தினமும் என் எதிரே உட்கார்ந்து ஆணி எடை போடுகிறாள்.

மோட்டார் ரம்பம் தோட்டத்திலிருந்து இறங்கி, கடை வாசலில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா சாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மங்கையர்க்கரசி


திண்டுக்கல்
2-10-1967

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் 9-9 கடிதம் கிடைத்தது. என்னுடைய 11-9 கடிதமும் இதற்குள் உங்களிடம் வந்திருக்கும். நடுக்கடலில் எங்கேயோ இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தபால்காரர் கடிதம் கொடுத்தபோது கடையில் நாலு பேர். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. வேண்டுமானால் தலைவலி என்று சொல்லி உள்ளே போயிருக்கலாம். நீங்கள் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தீர்கள், வாசித்தேன். காபி டம்ளர், வாத்து, கஸ்பார் அண்ணன், ஒன்றையும் விடவில்லை. சடையைக்கூட விடவில்லை. பிறகு ஆகஸ்டு கடிதத்தையும் எடுத்து வந்து, மறைத்தேன் என்று சொல்லி அதையும் வாசித்தேன்.

வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். அப்பா எழுந்து போய் வாசலில் கிடந்த மோட்டாரைச் சாக்குப் போட்டு நன்றாக மூடினார். அன்று ரசமே சாப்பிடவில்லை. நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "இருக்கா இல்லையான்னு நாம எப்பம்மா கேட்டோம்?" என்றார். பதினொன்றாம் தேதி நானாக எழுதிக் கேட்டேன் என்றேன். அதற்கும் ஒரு முறை முறைத்தார். பிறகு, "நீ கேட்ட கடுதாசி அவனுக்குக் கிடைச்சு எழுதுனானா, கிடைக்காம எழுதுனானா?" என்றார்.

உங்கள் உறையை வாங்கினார். திருகாணியின் மரை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். போர்ட் பிளேர் முத்திரையை எனக்கும் அக்காவுக்கும் காட்டி, தனித்தனியாகத் தேதி படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒன்பது என்றோம். நான் எழுதியது பதினொன்று. இங்கிருந்து மெட்ராஸ், அங்கிருந்து கப்பல். என் கடிதம் எவ்வளவு வேகமாகப் போனாலும் இருபதாம் தேதிக்கு முன்னால் உங்களுக்குக் கிடைத்திருக்காது. விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மாட்டிக்கிட்டுச் சொல்லல. தானாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.

அப்போது நீலாவதி அக்கா, அப்பா எதிரில் வாய் திறக்காதவள், "எனக்கு ஒருத்தரும் இப்பிடி ஒரு கடுதாசி போடலப்பா" என்றாள். அப்பா அவள் தலையில் கை வைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அதோடு முடிந்தது. வேறு தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் பழனிக்காரர் ஒருவருக்கு மோட்டார் ரம்பம் கைமாறியது. அவர் வீட்டில் கரண்டு இருக்கிறதா என்று அப்பா நேராகவே கேட்டுக்கொண்டார். உங்களுக்குக் கை ரம்பம். படாக் மரம் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டேன். நெருக்கமான பல்லாக நானே பார்த்து எடுத்தேன், தீட்டுவதற்கு மூன்றுபட்டை அரம் இரண்டு வைக்கச் சொன்னேன். சோதனையும் செய்துவிட்டேன். மூலைமட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே சிகரெட்டுத் தாள்கூட நுழையவில்லை. பெட்டியை மட்டும் அப்பா தானே கட்டினார். நான் கிட்டே போனால், "உள்ள போம்மா, ஆணி குத்தும்" என்று விரட்டினார். நானும் அக்காவும் இரும்புக் கடையில் வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிட்டார்போல.

சுவர் ஓரத்தில் அரை இஞ்ச் விட்டுப் பதியுங்கள். உங்கள் ஊர் மழையில் மரம் உப்பும்.

எனக்கு இரண்டு கோரிக்கை. கூடத்தின் நடு வரிசையில் கடைசித் துண்டை வெட்டாமல் வையுங்கள். ரம்பம் விற்றே காலம் போனது. ஒரு தடவை என் வீட்டுக்காக நான் பிடிக்க வேண்டும். அடுத்தது, என்னை இனி 'அவர்களுக்கு' என்று எழுத வேண்டாம்.

உங்கள் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தைக்குள் தீர்ந்துவிடும்.

உங்கள்,
மங்கை


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
6-11-1967

அன்புள்ள மங்கைக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவது கிடைத்தபோது மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது கிடைத்த அன்று கஸ்பார் அண்ணன் வீட்டு மீன் குழம்பில் பாதியை நானே காலி செய்துவிட்டேன். "தேக்கோ, கல்யாணத்துக்கு முன்னாலயே பையனுக்குப் பசி வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெட்டி போன வாரக் கப்பலில் வந்தது. ஜெட்டியில் கூலி ஆள் தலையிலிருந்து இறக்கி என் கையில் கொடுக்க வந்தார். "நீச்சே ரக்கோ பாய்" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய்க் கீழே வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். மாமாவிடம் சொல்லவும், கை மாறவில்லை.

ரம்பம் தங்கம். முதல் நாள் பன்னிரண்டு வெட்டு, இரண்டாம் நாள் முப்பது. இப்போது நூற்று எண்பது தாண்டிவிட்டது. தோள்பட்டை வலிக்கிறது. உடம்புக்கு வேலை வேண்டும் என்று நான் எழுதியது பொய்யாகப் போகவில்லை. பின்னல் பாதிக் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இது என்ன டிசைன் என்று கேட்டால் சும்மா ஒரு டிசைன் என்கிறேன். கஸ்பார் அண்ணன் மட்டும் விடுவதில்லை, வருகிறவர்களிடம் எல்லாம் விளக்கம் சொல்கிறார். அரை இஞ்ச் விட்டிருக்கிறேன். நடு வரிசையில் உன் துண்டை வெட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், சிவப்புப் பலகை. கம்பம் இன்னும் நாலு வீடு தள்ளித்தான் நிற்கிறது. இதை நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசிக் கப்பலில் எனக்கும் சண்முகம் மாமாவுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். மாமா உங்கள் வீட்டில் வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கடைசியாக ஒன்று. உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பெட்டியில் ரம்பத்தை எடுத்ததும், அரம் இரண்டையும் எடுத்ததும், அடியில் இன்னும் வைக்கோல் கனமாக இருந்தது. விலக்கினோம். புது பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று, கண்ணாடி உடையாமல் பழைய வேட்டியில் சுற்றி, கூடவே ஒரு டஜன் மேண்டில் வலை. கைப்பிடியில் உங்கள் கடைச் சீட்டு ஒன்று சணலில் கட்டியிருந்தது. எழுத்து உன்னுடையது இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓரத்தைத் தாண்டி ஓடுகிற எழுத்து. கண் சரியாகத் தெரியாமல் எழுதியது. சீட்டில் பார்ட்டி பெயர் எழுதுகிற இடத்தில் 'போர்ட் பிளேர்' என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை.

என்ன மக்கா எழுதியிருக்கு என்று கஸ்பார் அண்ணன் கேட்டார். 'மாப்பிள்ளைக்கு' என்று வாசித்தேன். நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகத்தான் வாசித்தேன்.

உன்,
குழந்தைவேலு